ஸ்லீவ் முடிந்து ஆறாம் நாள்: இனிப்புப் பொடி இறங்கவில்லை, வேறு என்ன குடிக்கலாம்?

கோபி டீச்சர் | திங்கள், இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். கோபிச்செட்டிபாளையத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 44, உயரம் 158 செ.மீ., எடை 118 கிலோவாக இருந்தது, ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. சென்ற செவ்வாய்க்கிழமை கோவையில் எனக்கு இரைப்பையைக் குறைக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை நடந்தது. கல்லீரல் சுருங்கினால்தான் கருவியை உள்ளே செலுத்த இடம் கிடைக்கும் என்று சொல்லி, அதற்கு முந்தைய இரண்டு வாரங்களும் திரவ உணவிலேயே வைத்திருந்தார்கள். அப்போது கடுமையாகப் பசித்தது, ஆனாலும் சமாளித்துவிட்டேன். இப்போது பசியே இல்லை, ஆனால் சமாளிக்க முடியவில்லை. இது எப்படி என்று எனக்கே விளங்கவில்லை.

மருத்துவமனையில் கொடுத்த தாளின்படி முதல் இரண்டு நாள் தெளிந்த நீர் வகைகள் மட்டும். பதினான்காம் நாள் வரை பால், மோர், வடிகட்டிய சூப், புரதப் பொடி. அதன்பின் இரண்டு வாரம் மிக்ஸியில் மைய அரைத்த கூழ்ப்பதம். அதற்குப் பிறகுதான் குழைந்த சோறும் இட்லியும். நாளொன்றுக்கு 60 கிராம் புரதமும் ஒன்றரை லிட்டர் நீரும் உள்ளே போக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. என்னால் 25 கிராமையும் 900 மில்லியையும் தாண்ட முடியவில்லை. வெனிலா வாசனையுள்ள அந்தப் பொடியைத் திறந்தாலே குமட்டுகிறது. நாள் முழுவதும் இனிப்பாகவே குடித்துக் குடித்து, நாக்கு ஒரு கல் உப்புக்கு ஏங்குகிறது.

இது ஒருபுறம் இருக்க, தினமும் மாலையில் யாராவது தூக்குப்போசியுடன் வந்துவிடுகிறார்கள். "வெறும் தண்ணியக் குடிச்சுட்டு எப்புடி கண்ணு இருப்ப, ஒரு வாய் ரசஞ்சோறு கரைச்சுக் குடி" என்று பெரியம்மா கண்ணீர் விட்டபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது. அதே நேரத்தில் அடுப்படியில் அத்தை அரிசியும் பருப்பும் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். வயிறு கேட்கவில்லை, வாய்தான் மெல்லுவதற்கு எதையாவது கேட்கிறது.

உப்பும் காரமுமாக, புரதமும் உள்ளதாக, இந்தக் கட்டத்தில் குடிக்கக்கூடியவை எவை? கொள்ளு ரசம் வடிகட்டிக் குடிக்கலாமா? இதைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பல்லடம் தறிக்காரன் | திங்கள், இரவு 10.05

டீச்சருக்கு வணக்கம். எனக்கு இதே சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

பசி இல்லாததற்குக் காரணம் உண்டு. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கும்போது அந்தப் பகுதியும் சேர்ந்து போய்விடுகிறது. ஆனால் வாயின் பழக்கத்தை எந்த மருத்துவராலும் வெட்டி எடுக்க முடியாது. எங்கள் தறிக்கூடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டீயும் வடையும் வரும்; முதல் பத்து நாட்கள் அந்தத் தூக்கின் சத்தம் கேட்டாலே நான் வெளியே நடக்கப் போய்விடுவேன்.

நீர்க் கணக்குக்கு நான் கண்ட வழி இது. டம்ளரைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும் என்பதால் டானிக் பாட்டிலோடு வரும் 15 மில்லி மூடியை அளவாக வைத்துக்கொண்டேன். ஒன்றரை லிட்டர் என்பது அப்படி நூறு மூடி. விழித்திருக்கும் பதினாறு மணி நேரத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு மூடி. அதையும் ஒரே மடக்காக விழுங்காமல் இரண்டு மூன்று வாயாகக் குடித்தால் நெஞ்சில் அடைப்பது போன்ற அந்த வலி வராது. உறிஞ்சுகுழல் வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போகும். சோடா வகைகள் அறவே கூடாது.

பொடிக்கு வருகிறேன். இனிப்பும் வாசனையும் சேர்க்காத வெறும் வே புரதப் பொடி, அதாவது பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் புரதம், கடைகளில் கிடைக்கிறது. அதை ரசத்தில் கலந்து குடிக்கலாம், ஆனால் கொதிக்கிற ரசத்தில் தூவினால் பால் திரிந்ததுபோல் கட்டிகட்டியாகிவிடும். என் மனைவி முதல் நாள் அப்படிச் செய்து ஒரு போசி ரசத்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. பொடியை முதலில் இரண்டு கரண்டி ஆறின நீரில் குழைத்துக்கொண்டு, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்த ரசத்தை அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். புளியைக் குறைத்து, மிளகாய் இல்லாமல், சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, மெல்லிய துணியில் வடிகட்டினால் கொள்ளு ரசமும் நன்றாகவே இறங்கும்.

காங்கயம் 67 | செவ்வாய், காலை 6.40

நடப்பதையெல்லாம் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. கம்பும் ராகியும் விளைகிற மண்ணில் இருந்துகொண்டு டப்பாவில் வருகிற பொடியை எதற்காகக் குடிக்க வேண்டும்? பிரசவித்த பெண்ணுக்கும் எலும்பு முறிந்தவனுக்கும் நம் ஆத்தாமார் ஆட்டுக்கால் சூப்பு வைத்துத்தான் தேற்றினார்கள். கம்மங்கூழை மோர் விட்டுக் கரைத்தால் அதுவும் திரவம்தான். பாலில் ஒரு பச்சை முட்டையை அடித்துக் குடித்தால் அந்த 60 கிராமுக்கு என்ன குறைச்சல்? டீச்சர் பயப்படாமல் நம் வீட்டுச் சாப்பாட்டையே தண்ணீராக்கிக் குடியுங்கள்.

உணவியல் கோவை | செவ்வாய், மதியம் 1.15

நான் டயட்டீஷியனாகப் பணிபுரிகிறேன். இத்தகைய நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன். ஐயாவின் அன்பைப் புரிந்துகொள்கிறேன், ஆனால் ஆறாம் நாளில் இருக்கும் ஒருவர் அந்த அறிவுரையைப் பின்பற்றினால் ஆபத்து என்பதால் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஸ்லீவ் என்பது இரைப்பையின் நெடுக்கில் ஸ்டேப்பிள் போட்டு வெட்டி, எஞ்சியதைக் குழாய்போல ஆக்குவது. அந்த நீண்ட தையல் ஆறிக்கொண்டிருக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறக்கூடாது. கம்மங்கூழில் குருணையும் உமியும் இருக்கும்; கரைத்தாலும் அது திரவமாகாது. அது அடைத்து வாந்தி வந்தால் அத்தனை அழுத்தமும் அந்தத் தையலின் மேல் விழும். கம்பும் ராகியும் நல்ல தானியங்கள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அவற்றுக்கான வாரம் வரும், இது அந்த வாரமல்ல. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. அதில் கரைந்து வருவது பெரும்பாலும் ஜெலட்டின். அதுவும் புரதம்தான், ஆனால் உடலுக்கு அவசியமான டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலம் அதில் அறவே இல்லாததால், தசையைக் காப்பாற்ற அதை மட்டும் நம்ப முடியாது. கொழுப்பை வழித்து எடுத்துவிட்டு வாய்க்கு ருசியாகக் குடிக்கலாம், அவ்வளவுதான். பருப்புத் தண்ணீரும் கொள்ளுத் தண்ணீரும் இப்படியே. காய்ந்த கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் இருந்தாலும், அது வடிகட்டும் துணியில்தான் தங்குகிறது. டம்ளருக்குள் வருவது வாசனையும் உப்புமே. நீர்மோரிலும் தயிர் ஒரு பங்கு, நீர் மூன்று பங்கு என்றால் 100 மில்லிக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. ஆகவே தறிக்காரர் சொன்னபடி கொள்ளு ரசத்தைப் பொடி கலப்பதற்கான வாகனமாக வைத்துக்கொள்ளுங்கள், புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கணக்கு இப்படி வரும். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக அரை லிட்டர் கொழுப்பு நீக்கிய பால் குடித்தால் 16 கிராம், அதே பாலில் 20 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்தால் மேலும் 7 கிராம், ஆக 23. மீதி 37 கிராமுக்கு, டப்பாவோடு வரும் 30 கிராம் கரண்டிக்கு 24 கிராம் புரதம் உள்ள பொடியாக இருந்தால், ஏறக்குறைய ஒன்றரைக் கரண்டி போதும். அந்த ஒன்றரைக் கரண்டியை மூன்று முறையாகப் பிரித்து ரசத்திலும் சூப்பிலும் கலக்குங்கள். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்றால் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையை நீக்கிய பாலோ, வே ஐசோலேட் என்னும் வகையோ வாங்கலாம். முதல் வாரத்திலேயே 60 கிராமைத் தொட்டுவிடுபவர்கள் குறைவு. நீர்தான் முதல் கடமை, புரதம் நாளுக்கு நாள் ஏறினால் போதும்.

சில அறிகுறிகள் வந்தால் இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓய்வாக இருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல் ஆகியவை தையலில் கசிவு இருப்பதைக் காட்டலாம். வாந்தி நிற்காமல் நாட்கணக்கில் தொடர்ந்தால் வைட்டமின் பி1 தீர்ந்துபோய்ப் பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது வரை கொண்டுபோய்விடும். ஊசி மூலம் உடனே ஈடுகட்டாவிட்டால் மூளையின் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும். உங்கள் மருத்துவமனைத் தாளுக்கும் நான் எழுதியதற்கும் வேறுபாடு இருந்தால் அந்தத் தாளையே பின்பற்றுங்கள்.

உடுமலை மருமகள் | செவ்வாய், மாலை 4.30

எனக்கு நடந்தது ஸ்லீவ் அல்ல, இரைப்பையைச் சிறிதாக்கி நேராகக் குடலோடு இணைக்கும் பைபாஸ். இனிப்பைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த இருபதாம் நாள், மாமனார் தோட்டத்திலிருந்து அதிகாலையில் தெளுவு (பதநீர்) இறக்கிக்கொண்டு வந்தார். நீர்தானே, இயற்கைதானே என்று ஒரு டம்ளர் குடித்தேன். கால் மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடத்து, உடலெல்லாம் வியர்த்து, வயிற்றைப் பிசைந்து, கட்டிலில் சாய்ந்துவிட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்த என் கணவர் இன்னும் கொஞ்சம் தெளுவைக் கொடுக்க வந்ததுதான் கொடுமை. இனிப்பு குடலுக்குள் ஒரேயடியாகக் கொட்டுவதால் வருவது இது, டம்பிங் என்கிறார்கள். சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும் இன்னொரு வகையில்தான் சர்க்கரை உண்மையிலேயே இறங்குகிறதாம். ஸ்லீவில் இது குறைவு என்றாலும் வராது என்று இருந்துவிட வேண்டாம். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான்.

கோபி டீச்சர் | வியாழன், இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. வெறும் பொடியை ஈரோட்டிலிருந்து என் தம்பி வாங்கி வந்தான். செலவு ரசம் வைத்து, மிளகைப் பாதியாகக் குறைத்து, வடிகட்டி, ஆறவைத்துக் கலந்து குடித்தேன். முதல் வாயிலேயே கண்ணில் நீர் கோர்த்துவிட்டது. உப்பு இவ்வளவு பெரிய விஷயம் என்று இத்தனை வயதுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். நேற்று 41 கிராம், இன்று 48. நீர் 1,300 மில்லி. டானிக் மூடியை எண்ண, என் மகள் தாயக்கட்டம் ஆடும் புளியங்கொட்டைகளைக் கொடுத்திருக்கிறாள். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே வருகிறேன்.

இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. தோள்பட்டை வலி இன்னும் கொஞ்சம் இருக்கிறது, காய்ச்சல் இல்லை, நாடித்துடிப்பு 84. இரண்டாவது, ஐந்து நாட்களாக மலம் கழியவில்லை.

உணவியல் கோவை | வியாழன், இரவு 9.30

சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்காக வயிற்றுக்குள் செலுத்தும் கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் வலி தெரிவதுண்டு. நடக்க நடக்கக் குறையும். ஆனால் இடது தோள் வலி கசிவின் அடையாளமாகவும் இருக்கக்கூடும் என்பதாலும், வாயு வலி பெரும்பாலும் சில நாட்களிலேயே அடங்கிவிடும் என்பதாலும், நாளைக் காலையே அறுவை மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். நாரே இல்லாத உணவில் மலம் குறைவாகத்தான் இருக்கும்; அதற்கான மருந்தையும் அதே அழைப்பில் கேளுங்கள். விளக்கெண்ணெய் வேண்டாம்.

பெருந்துறை வீட்டுக்காரர் | வெள்ளி, காலை 7.10

என் மனைவிக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது நாட்கள் ஆகின்றன. அவர் முன்னால் சாப்பிட மனம் வராமல் நானும் மகனும் மொட்டை மாடியில் வட்டிலை வைத்துக்கொண்டு திருடர்கள்போலச் சாப்பிடுகிறோம். நேற்று அவரே மேலே வந்து பார்த்துவிட்டு, "நான் என்ன தீட்டா?" என்று கேட்டார். இதை மற்றவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? வீட்டுக்கு வரும் ஒறம்பரைக்கு (உறவினர்களுக்கு) என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை.

உடுமலை மருமகள் | வெள்ளி, காலை 11.00

கீழே வந்து கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். முதல் வாரத்தில் என்னைத் தனியாக ஓர் அறையில் வைத்து டம்ளரை நீட்டியபோதுதான் நோயாளியாகிவிட்டேன் என்று தோன்றியது. தாளிப்பு வாசனை தாங்கவில்லை என்றால், தாளிக்கும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் அவர் வாசலுக்குப் போய் நடந்துவிட்டு வரட்டும்.

ஒறம்பரை விஷயம் இதைவிடக் கடினமானது. நம் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புவதும் பிழை, போன வீட்டில் சாப்பிடாமல் திரும்புவதும் பிழை. நான் சிகிச்சையை மறைத்து, வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்தேன். அது பெரிய தவறாக முடிந்தது. வயிற்றுப் புண்ணுக்கு ஆளாளுக்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் தேங்காய்ப்பால் கொண்டுவந்தார், இன்னொருவர் மணத்தக்காளி வற்றல், மூன்றாமவர் என் தட்டில் உளுந்தங்களியை வைத்து நல்லெண்ணெயும் ஊற்றி, நான் உண்ணும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் புறம் பேசியிருப்பார்கள், காசு கொடுத்து வயிற்றை அறுத்துக்கொண்டாள் என்று. அது தேங்காய்ப்பாலைவிட எளிதாகச் செரித்திருக்கும்.

பல்லடம் தறிக்காரன் | வெள்ளி, மதியம் 2.20

நான் ஒரு சிறு தந்திரம் செய்தேன். வருபவர்களுக்குக் காப்பி கொடுக்கும்போது என் கையிலும் ஒரு டம்ளர் இருக்கும், அவர்கள் குடித்து முடிக்கும் வரை நானும் உதட்டில் வைத்து வைத்து எடுப்பேன். கை காலியாக இருந்தால்தான் நம் மக்களுக்குப் பொறுக்காது. கொண்டுவந்த தூக்குப்போசியை மறுக்கக் கூடாது. வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அவர்கள் போன பிறகு வீட்டார் சாப்பிடட்டும். என் சிகிச்சைக் காலத்தில் எங்கள் வீட்டில் மற்ற மூன்று பேருக்கும் எடை கூடிவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

காங்கயம் 67 | சனி, அதிகாலை 5.15

நான் முதலில் எழுதியதில் வீம்பு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் எனக்கே தேதி குறித்திருக்கிறார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 36, பதினான்கு வருடச் சர்க்கரை. 2022ஆம் ஆண்டு சர்வதேசச் சங்கங்கள் புதுப்பித்த வழிகாட்டுதலில் ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 27.5 என்ற அளவிலிருந்தே இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றிருப்பதை மருத்துவர் காட்டினார். அறுவைக்கு நான் பயப்படவில்லை. என் ஆயுளில் ஒரு வேளைகூடக் களியோ சோறோ இல்லாமல் இருந்ததில்லை என்பதுதான் பயம். முன்கூட்டி என்ன செய்துவைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

உணவியல் கோவை | சனி, காலை 10.40

ஐயா, இதை எழுதியதற்கு மகிழ்கிறேன். பொடியைப் பெரிய டப்பாவாக இப்போதே வாங்கிவிடாதீர்கள். அறுவைக்குப் பிறகு பலருக்கு நாக்கின் ருசியே மாறிவிடுவதால், சிறிய பொட்டலங்களாக மூன்று நான்கு வகை வாங்கிச் சுவைத்துப் பாருங்கள். அதைவிட முக்கியமானது உங்கள் சர்க்கரை மாத்திரைகள். திரவ உணவு தொடங்கியதும் உணவின் மாவுச்சத்து பாதிக்கும் கீழே போய்விடும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளையும் இன்சுலினையும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். விரைவாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகலாம் என்பதால் ஆறு மாத காலம் அதைத் தடுக்கும் மாத்திரையும், வாழ்நாள் முழுவதும் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவையும் தேவைப்படும். மூன்று நான்கு மாதத்தில் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பல்லடம் தறிக்காரன் | சனி, காலை 11.05

ஐயா, களி எங்கும் போய்விடாது. எனக்கு மூன்றாம் மாதம் எலுமிச்சை அளவு களி கிடைத்தது. ஒரு பெரிய வட்டில் நிறையச் சாப்பிட்ட காலத்தில் நான் அதை ருசித்ததே இல்லை.

கோபி டீச்சர் | அடுத்த புதன், இரவு 7.45

இன்று பதினைந்தாம் நாள். தோள்வலிக்காக அன்றே மருத்துவரிடம் பேசினேன், நேரில் வரச்சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள், கசிவு எதுவும் இல்லை. வலியும் ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டது. எடை 118இலிருந்து இரண்டு கட்டத் திரவ உணவும் சேர்ந்து 107.4 ஆகியிருக்கிறது. காலைச் சர்க்கரை 112, மாத்திரையை ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். நேற்று முதன்முறையாக 60 கிராமைத் தொட்டேன். பெரியம்மாவிடம் தாளைக் காட்டி வரிவரியாகப் படித்துச் சொன்னேன். அவருக்கு உடன்பாடில்லை, ஆனால் இப்போது தூக்குப்போசியில் வடிகட்டிய ரசம் வருகிறது.

இன்று கூழ்ப்பதம் தொடங்கியது. அத்தை பச்சைப்பயறு கடையலை மிக்ஸியில் மைய அரைத்து, கொஞ்சம் தளர்த்தி, இரண்டு தேக்கரண்டி மட்டும் கிண்ணத்தில் வைத்தார். பிறகு ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டு, அந்த இரண்டு தேக்கரண்டிக்காக மட்டும் தாளிப்புக் கரண்டியை அடுப்பில் வைத்து, ஒரு சொட்டு எண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டினார். சாப்பிட 25 நிமிடம் ஆயிற்று.

பல்லடம் தறிக்காரன் | புதன், இரவு 8.10

வாழ்த்துகள் டீச்சர். கடுகை எடுத்துவிட்டுத்தானே சாப்பிட்டீர்கள்?

கோபி டீச்சர் | புதன், இரவு 8.25

எடுத்துவிட்டேன். பதினொன்று இருந்தன.